அங்கை எண்டால்

அவர் ஒல்லாந்தில் படிப்பை முடித்துக்கொண்டு எங்கள் விவசாயக் கல்லூரிக்குத் திரும்பி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். எங்கள் பிரதம எழுதுநர் இன்றைக்கும் அது வெள்ளிக்கிழமை என்றுதான் சாதிக்கிறார். வெள்ளிக்கிழமைகளில் தேநீர் போடும் சரஸ்வதியக்கா கோயிலுக்குப் போய்விட்டுப் பிந்தித்தான் வருவார். அன்றைக்கோ நேரத்துக்கே வந்து, முதல்நாள் பொங்கலில் மிஞ்சியதை வாழையிலைத் துண்டுகளில் வைத்து எல்லோருக்கும் தந்தவர். ஆகவே செவ்வாய். திகதி, கிழமை விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுத்துத்தான் நூலகத்தில் பாதியை இழந்தேன்.

இழந்தது ஒல்லாந்திலிருந்து வந்தவரிடந்தான். புலமைப்பரிசில் கிடைத்து அவர் போயிருந்த காலத்தில், மண்ணியல் விரிவுரையாளர் என்று பலகை தொங்கிய அவருடைய அறைக்குள் உடைந்த கதிரைகள் குடிவந்துவிட்டன. உடைந்த அரச கதிரை ஒன்றை வெளியே எறிய எத்தனை பேர் கையொப்பமிட வேண்டும் என்பது அரச உத்தியோகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். கதிரைகளை அசைக்க முடியாதென்று கண்ட அதிபர், "தற்காலிகமா உந்த லைப்ரரியிலை ஒரு மேசையைப் பிடியுங்கோ, பிள்ளை" என்றார். நான் அப்போது அந்தக் கல்லூரியின் நூலகப் பொறுப்பாளர். முதலில் ஒரு மேசை போனது. பிறகு மேசைக்கடியில் மண் கட்டிய பொலித்தீன் பைகள் வந்தன. பிறகு வரலாற்று நூல்கள் இருந்த அலுமாரியின் கீழ்த்தட்டிலும் மண். கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமங்கள் எல்லாம் கழுத்தில் பெயர்த்துண்டு கட்டிக்கொண்டு என் நூலகத்தில் வரிசையாகக் குந்தியிருந்தன. தற்காலிகம் என்ற சொல் எவ்வளவு தூரம் நீளும் என்பதை நான் அவரிடந்தான் படித்தேன்.

முதல்நாளே அவருடைய குணம் வெளியே வந்தது. சரஸ்வதியக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தார். அவருடைய தேநீர் என்றால் பாதி சீனி. இவர் ஒரு வாய் குடித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார்.

"அங்கை எண்டால் தேத்தண்ணிக்குச் சீனியே போடமாட்டினம், அக்கா."

"அப்ப என்ன பிள்ளை போடுவினம்?"

"ஒண்டும் போடமாட்டினம். வெறும் தேத்தண்ணி."

"பாவங்கள்," என்றார் சரஸ்வதியக்கா. "அங்கையும் சீனிக்குத் தட்டுப்பாடு போலை."

இவர் சிரித்துக்கொண்டே கோப்பையைக் காலி செய்தார். அடியில் கரையாமல் கிடந்த சீனியைக் கரண்டியால் வழித்து நக்கியதை நான் மட்டுந்தான் கண்டேன். கண்டும் அப்போது அதற்கு அர்த்தம் பண்ணத் தெரியவில்லை.

அங்கே என்பதை எங்கள் பக்கத்தில் அங்கை என்போம். எல்லோரும் சொல்லுகிற சாதாரணச் சொல். அந்த ஆண்டு பங்குனிக்குள் அதை அவர் தன் பெயரில் எழுதி எடுத்துவிட்டார். கண்ணாடி கழன்றால் அங்கை வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். மழைக்கு மாணவர்கள் வராவிட்டால், "அங்கை எண்டால் வருசம் முழுக்கத் தூறும், ஆரும் வீட்டிலை நிக்கமாட்டினம்." விரிவுரையாளர் ஒருவர் மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு சைக்கிளில் வருவது மதிப்பாயில்லை என்று யாரோ முணுமுணுத்தால், "அங்கை பேராசிரியர்மாரும் சைக்கிளிலைதான்." ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில், அதிபர் இரண்டாவது விடயத்தைத் தொடங்கும்போதே மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கண்ணாடி கழன்றது.

"அங்கை எண்டால் கூட்டத்தை நிண்டுகொண்டுதான் நடத்துவினம், சேர். கெதியா முடிஞ்சிடும்."

"ஏன் பிள்ளை, அங்கை கதிரை இல்லையோ?"

"கதிரை இருக்கு, சேர். எல்லாத்தையும் என்ர அறைக்குள்ளை போட்டு வைச்சிருக்கிறீங்கள்."

அன்றைக்குக் கூட்டம் கெதியாக முடிந்தது.

பிரதம எழுதுநருக்கு இந்த அங்கை காதில் விழுந்தாலே முகம் சுருங்கும். அவர் ஓய்வுபெற இன்னும் கொஞ்சக்காலமே இருந்தது. அதுவரை கிளிநொச்சியைக் கிளிநொச்சியாகவே வைத்திருப்பது தன் கடமை என்று நினைத்தவர். அவரையே ஒருநாள் இவர் மடக்கிவிட்டார். "அங்கையும் கந்தோரைக் கந்தோர் எண்டுதான் சொல்லுவினம், தெரியுமோ?" அது மெய். ஒல்லாந்தர் எங்கள் கரைகளில் கோட்டை கட்டி இருந்துவிட்டுப் போனபோது அலுவலகத்துக்கு அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் போனார்கள். நான் அதைப் பழைய புத்தகங்களில் வாசித்திருந்தேன். இவர் அதை அதன் சொந்த ஊரில் வைத்துக் காதால் கேட்டுவிட்டு வந்திருந்தார். பிரதம எழுதுநர் அன்றிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும், "ஒல்லாந்திலையும் கந்தோர் கந்தோர்தான் கண்டியளோ" என்று சொல்லத் தொடங்கினார். தானே போய்க் கண்டுவந்த மாதிரி.

மாணவர்கள் சும்மா இருப்பார்களா? பட்டப்பெயர் வைத்தார்கள்: அங்கை மிஸ். வருடாந்தக் கலைவிழாவில் ஒரு பிள்ளை சேலை கட்டி, கண்ணாடி மாட்டி, பொலித்தீன் பையோடு மேடையேறி, "அங்கை எண்டால் மாடும் சைக்கிளிலைதான் போகும்" என்றாள். மண்டபம் குலுங்கியது. முன்வரிசையில் இருந்த நாங்கள் இவரைத் திரும்பிப் பார்க்கப் பயந்தோம். நாடகம் முடிந்ததும் இவர் மேடைக்குப் பின்னால் போனார். நானும் ஒரு பாதுகாப்புக்காகப் பின்னால் போனேன்.

"பிள்ளை, நல்லாச் செய்தனீர். ஆனா ஒரு பிழை. அங்கை எண்டு சொல்ல முந்தி நான் கண்ணாடியைக் கழட்டுறனான். நீர் சொல்லிப்போட்டுக் கழட்டினனீர்."

அவரை மடக்குவதற்காக அவர்கள் கேள்விகளும் தயாரித்து வைத்திருந்தார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முன்னால் கடல் தண்ணீர் எடுத்துவந்து விளக்கெரிப்பார்கள். வைகாசியில் எங்கள் பக்கத்தில் எல்லா வாயிலும் அதே பேச்சாக இருக்கும். இவரோ உப்புத்தண்ணீரைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவர். ஒருவன் எழும்பி நின்று கேட்டான்:

"மிஸ், அங்கை கடல் தண்ணியிலை விளக்கெரிப்பினமோ?"

கண்ணாடி கழன்றது.

"இல்லை. அங்கை கண்ணகி போகேல்லை."

அந்த வருடமும் அவர் பொங்கலுக்குப் பஸ்ஸில் போய், சனத்துக்குள் நெரிபட்டு, திருநீறு கொண்டுவந்து என் மேசையிலும் ஒரு பொட்டலம் வைத்தார்.

இத்தனை அங்கை சொல்லுகிற ஒருவர் இங்கே நிற்கமாட்டார் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகமில்லை. படிப்பு விடுமுறையில் போகிறவர்கள் திரும்பி வந்து மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் வந்தது தைப்பொங்கலுக்கு மறுநாள். ஆகவே மூன்றாவது தைப்பொங்கலோடு கால்கட்டு அவிழும். அதைக் கணக்குப் பார்த்துச் சொன்னவன் நான்தான். கல்லூரியில் திகதி கேட்க வேண்டுமென்றால் என்னிடந்தான் வருவார்கள். பிரதம எழுதுநர் மட்டும் அது வெள்ளிக்கிழமைக் கணக்கின்படி வேறு நாள் என்றார்.

இந்தக் கணக்கு விளையாட்டாக இல்லாத ஒரே ஆள் கண்டாவளைத் தம்பிராசா அண்ணை.

தம்பிராசா அண்ணையுடையது தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நீர்ப்பாசனத் திட்டத்தில் காணி பெற்ற குடும்பம். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அது ஊரில் யாருக்கும் இல்லை. அவருக்கு மேலதிகமாக, கடல்நீரேரிப் பக்கத்து வயலில் உவர் ஏறியிருந்தது. வெயில் காலத்தில் வரம்பில் வெள்ளையாக உப்புப் பூக்கும். இவர் ஒருநாள் சைக்கிளில் போய் இறங்கி, அந்த வயலில் ஆக மோசமான துண்டைத் தரும்படி கேட்டார். அந்தத் துண்டுக்கு ஏற்கெனவே ஒருவர் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தார். இறால் பண்ணை போடுவதற்கு. கொடுத்துவிடுவோம் என்று மகன் நின்றான். பண்ணை வந்தால் உப்புத்தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். பிறகு அந்த நிலம் நிலமாகத் திரும்பாது. தம்பிராசா அண்ணைக்கு மனம் வரவில்லை. துண்டை இவரிடம் கொடுத்தார்.

கொடுத்த பிறகுதான் இவர் என்ன செய்யப்போகிறார் என்பது தெரியவந்தது. மாரி மழையை வயலில் தேக்குவது. உப்பு அதில் கரைந்ததும் வடிகாலைத் திறந்து அவ்வளவு தண்ணீரையும் வெளியே விட்டுவிடுவது. திரும்பத் தேக்குவது, திரும்பத் திறப்பது. வன்னியில் ஒரு கமக்காரனிடம் சொல்லக்கூடிய காரியமா இது? மழை பெய்தால் வரம்பைக் கட்டுவதற்கு ஓடுகிறவர்கள் நாங்கள். அந்த வாக்குவாதம் நடந்தபோது நான் வரம்பில் நின்றேன். மண் பைகளைப் பிடிப்பதற்கென்று என்னையும் கூட்டிக்கொண்டு போயிருந்தார்.

"தேங்கின தண்ணியை ஆரும் திறந்து விடுவினமோ, பிள்ளை? பார்க்கிற சனம் எனக்கு விசர் எண்டெல்லோ சொல்லும்."

"அங்கை எண்டால் தண்ணியை வெளியிலை தள்ளுறதுக்கெண்டே மெசின் வைச்சிருக்கினம், அண்ணை."

"அவங்களுக்குத் தண்ணி கூடிப்போச்சு, தள்ளுறாங்கள். எனக்கு ஐப்பசியிலை பெய்தால்தானே உண்டு."

"அண்ணை, உப்பு தானா நடந்து வெளியிலை போகாது. ஆரும் கூட்டிக்கொண்டு போகவேணும்."

அவர் தலைத்துவாயை இறுக்கிக் கட்டினார். பிறகு மண்வெட்டியை எடுத்தார். வடிகால் திறந்து தண்ணீர் கடல்நீரேரிப் பக்கம் ஓடியபோது அவர் அதைப் பார்க்கவில்லை. மற்றப் பக்கம் திரும்பி நின்று வெற்றிலை போட்டார்.

முதல் போகத்தில் நாற்று எரிந்துபோயிற்று. இரண்டாவது போகத்தில் பயிர் பிடித்தது. மார்கழி வெள்ளம் கடல்நீரேரியையே தூக்கிவந்து வயலில் வைத்துவிட்டுப் போயிற்று. இரண்டு முறையும் இவர் சைக்கிளை வரம்பில் சாய்த்துவிட்டு, காய்ந்த நாற்றையும் அழுகிய பயிரையும் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இன்னொரு போகம் தாங்கோ, அண்ணை" என்றார். அதைக் கேட்கும்போது மட்டும் அங்கை வரவில்லை. மகன் வீட்டில் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டான். தம்பிராசா அண்ணை மூன்றாவது போகத்துக்கும் துண்டைக் கொடுத்தார்.

மூன்றாவது போகத்தில் பயிர் பச்சையாக நின்றது. கார்த்திகை முடியும்போது முழங்காலுக்கு மேல். இதே நேரத்தில்தான் கல்லூரியில் மிளகாய்த்தூள் செய்தி பரவியது.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து ஆள் விமானம் ஏறப்போகிறது என்பதை அந்த வீட்டார் சொல்லவேண்டியதில்லை. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம் எல்லாம் வறுக்கிற மணம் நாலு வேலி தாண்டும். அதை மில்லில் கொண்டுபோய்த் திரிப்பார்கள். பிறகு ஒடியல், பனங்கட்டி, பயற்றம்பணியாரம். கடைசியாக ஒரு தராசைத் தேடி அலைவார்கள், பெட்டியின் பாரத்தைப் பார்க்க. தராசு வரைக்கும் வந்துவிட்டால் பிறகு ஊரில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

பரந்தன் மில்லில் இவர் பெரிய வாளியோடு வரிசையில் நின்றதைப் பிரதம எழுதுநர் கண்டார். ஒரு வீட்டில் ஒரு வருடத்துக்குத் தின்று முடிக்க முடியாத தூள் என்றார். பனையோலையில் பொதிந்த பனங்கட்டிக் குட்டானை அடுத்த கிழமை சரஸ்வதியக்கா கண்டார். அதற்கடுத்த நாள் இவர் ஆய்வுகூடத்திலிருந்து தொங்குதராசை இரவல் வாங்கிக்கொண்டு போனார். நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறினார். லீவுக் காரணம்: சொந்த அலுவல்.

"விசாதான், ஐசே," என்றார் பிரதம எழுதுநர் என் மேசைக்கு வந்து. "வேறை என்ன சொந்த அலுவல்? ஆள் வெளிக்கிட்டாச்சு."

அவர் குரலில் வெற்றி இருக்கும் என்று பார்த்தேன். இல்லை. ஒரு மண் பையை எடுத்துப் பெயர்த்துண்டை வாசித்துவிட்டு, இருந்த இடத்திலேயே கவனமாக வைத்தார்.

அந்தக் கிழமை மழை. மழைக்குள் தம்பிராசா அண்ணை நூலகத்துக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. கால் சேறு என்று வாசலிலேயே நின்றார். நான் வற்புறுத்தியதும், உள்ளே முழுக்க மண் பையாக இருப்பதைப் பார்த்து, ஆறுதலடைந்தவராக வந்து இருந்தார்.

"தம்பி, பிள்ளை போகுதாம். மெய்யே?"

"அப்பிடித்தான் கதைக்கினம், அண்ணை."

"வயலிலை தண்ணி வரம்புக்கு வந்திட்டுது. இப்ப திறக்கவேணும். திறக்கிறதோ விடுறதோ தெரியேல்லை."

"போன் எடுத்துக் கேளுங்கோவன்."

"கேக்கலாம்." அவர் தலைத்துவாயைப் பிழிந்தார். "கேட்டால் ஓம், போறன் எண்டு சொல்லிப்போடுவா. சொல்லிப்போட்டால் பிறகு நான் மகனுக்கு என்ன சொல்லுறது? இறால்காரன் நேற்றும் வந்தவன். போற ஆளின்ர சொல்லைக் கேட்டு இருக்கிற தண்ணியையும் திறந்து விட்டிட்டு நான் ஆரைப் போய்ப் பார்க்கிறது, சொல்லும் பார்ப்பம்."

அவர் தன்னுடைய வயலின் பெயரெழுதிய பை எது என்று கேட்டார். காட்டினேன். அதைத் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டு, மழைக்குள் இறங்கிப் போனார்.

கல்லூரியில் பிரியாவிடைக்கு ஆயத்தம் நடந்தது. அவர் சொல்லாமல் போனாலும் நாங்கள் சொல்லாமல் அனுப்பக்கூடாது என்று அதிபர் முடிவெடுத்தார். எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பரிசு வாங்கினோம். பறக்கப்போகிற ஆளுக்கு என்ன கொடுப்பது? சில்லுப் பூட்டிய பெரிய பயணப்பெட்டி, கருநீலம். எங்கள் கல்லூரியிடம் "பிரியாவிடை வைபவம்" என்று எழுதிய ஒரு பதாகை நிரந்தரமாக உண்டு. பெயர் எழுதினால் அடுத்த முறைக்கு உதவாது என்று முந்திய அதிபர் ஒருவர் பெயரில்லாமலே அடிப்பித்தது. எத்தனையோ பேரை அனுப்பிவைத்த அந்தப் பதாகையை மண்டபத்தில் கட்டினோம். பெயரில்லாததுதான் பிறகு எங்களைக் காட்டிக்கொடுத்தது.

கொழும்பிலிருந்து அவர் வந்த அன்று காலை நேரே மண்டபத்துக்கு அழைத்தோம். அவர் தனியே வரவில்லை. உயரமான, நரைத்த முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டிய ஒரு வெள்ளைக்கார அம்மா கூட வந்தார். விருந்தாளி என்று சொல்லி அவரைப் பின்வரிசையில் இருத்திவிட்டு, இவர் பதாகையைப் பார்த்தார். பிரதம எழுதுநரைப் பார்த்தார். முகம் கனிந்துபோயிற்று.

அதிபர் பேசினார். நல்ல பேச்சு; பறவைகள், கூடுகள், வானம் எல்லாம் வந்தது; பெயர் மட்டும் வரவில்லை. பிறகு இவரை இரண்டு வார்த்தை பேசும்படி அழைத்தார். இவர் எழும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். மாணவர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

"அங்கை எண்டால் கந்தோரை விட்டுப் போற ஆளுக்கு ஒரு கேக் வெட்டிப்போட்டு அனுப்பிவிடுவினம். ஆரும் அழமாட்டினம். ஆனா எனக்கு இண்டைக்கு அழுகை வருது. அவர் என்னோடை ஒருநாளும் சிரிச்சுக் கதைச்சதில்லை. ஆனா நான் படிக்கப் போகேக்கை, என்ர விடுமுறைக் கடிதம் எங்கையோ மேசையிலை கிடந்திடும் எண்டு, தானே கொழும்புக்குக் கொண்டுபோய்க் குடுத்தவர். அவர் இல்லாத கந்தோரை என்னாலை நினைச்சுப் பார்க்க ஏலாது."

மண்டபம் திகைத்தது. பிரதம எழுதுநர் எழும்பிவிட்டார்.

"சேர்," என்றார் அதிபரிடம், "நான் ஓய்வுபெற இன்னும் சித்திரை வரை இருக்கெல்லோ?"

"உமக்கில்லை ஐசே, அவாக்கு!"

"எனக்கோ?" என்றார் இவர். "நான் எங்கை போறன்?"

முழு மண்டபமும் ஒரே குரலில் சொன்னது: "அங்கை!"

பிறகு கிடைத்த விளக்கம் எளியது. பின்வரிசையில் இருக்கும் அம்மா ஒல்லாந்தில் இவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரி. இலங்கையைப் பார்க்க வந்திருக்கிறார். இவர் கொழும்புக்குப் போனது அவரைக் கூட்டிவர. தூளும் பனங்கட்டியும் அவர் திரும்பிப் போகும்போது கொடுத்துவிட. தராசு, அவருடைய பெட்டியின் பாரம் மிஞ்சக்கூடாதென்று.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, பிள்ளை," என்றார் அதிபர், பயணப்பெட்டியை மேசைக்குப் பின்னால் காலால் தள்ளிக்கொண்டு.

"ஆரும் கேக்கேல்லையே, சேர். அங்கை எண்டால் ஏதும் அறியவேணுமெண்டால் கேட்பினம்."

சிரிப்பு அடங்குவதற்குள் அந்த அம்மா எழும்பினார். என்ன நடக்கிறதென்று அதிபர் ஆங்கிலத்தில் விளக்கினார். இவர் திரும்பவும் ஒல்லாந்துக்கு வரப்போகிறார் என்று நாங்கள் நினைத்ததையும் சொன்னார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவர் சொன்னதை அதிபர் தமிழில் எங்களுக்குச் சொன்னார்.

"அவா எங்கட வீட்டிலை இரண்டு வருசம் இருந்தவா. ஆனா வந்து சேரவே இல்லை, எண்டு சொல்லுறா."

மேலும் சொன்னார். காலையில் குசினிக்குள் வந்தால், கிளிநொச்சியில் தேநீர் இப்படி இராது என்பாராம். மழை பெய்தால், கிளிநொச்சியில் மழையென்றால் மழை என்பாராம். சைக்கிள், கூட்டம், கந்தோர், எதை எடுத்தாலும் கிளிநொச்சியில் என்றுதான் தொடங்குமாம். சொல்வதற்கு முன் கண்ணாடியைக் கழற்றுவாராம். அந்தத் தெருவில் இவருக்குப் பட்டப்பெயரே கிளிநொச்சி. இவ்வளவு கேட்டபிறகு அந்த ஊரைப் பார்க்காமல் சாக விரும்பவில்லையாம். மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துக் கேட்டார்: தேநீருக்கு நிறையச் சீனி போடுகிற பெண்மணி யார்?

சரஸ்வதியக்கா தட்டத்தோடு கதவடியில் நின்றார். எல்லோரும் அவரைக் காட்டினோம். அம்மா போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். சரஸ்வதியக்கா இவரைத் திரும்பிப் பார்த்து, "நீர் அங்கை போய் என்னைப் பற்றியோ கதைச்சனீர்?" என்றார். இவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக, கண்ணாடி கழன்றும் ஒரு சொல்லும் வரவில்லை.

அன்று பின்னேரம் அம்மாவைக் கண்டாவளைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வயலில் தண்ணீர் இல்லை. வடிகால் திறந்திருந்தது, கடைசித் தண்ணீர் இன்னும் நூலாக ஓடிக்கொண்டிருந்தது. தம்பிராசா அண்ணை நூலகத்துக்கு வந்துபோன அன்றே திறந்துவிட்டிருக்கிறார். நெல் குடலை கட்டி, கதிர் தள்ளத் தயாராக நின்றது. ஒரு மூலை மட்டும் மஞ்சள் பிடித்திருந்தது, மிச்சமெல்லாம் பச்சை.

தம்பிராசா அண்ணை அம்மாவைக் கும்பிட்டார். இவரைப் பார்த்தார். துவாயைத் தோளில் மாற்றிப் போட்டார். நேரே கேட்டார், கல்லூரி முழுக்கக் கேட்கப் பயந்ததை.

"பிள்ளை, அடுத்த போகமும் நிப்பியளோ?"

கண்ணாடி கழன்றது. தம்பிராசா அண்ணையின் முகம் இறுகிப்போனதை நான் கண்டேன். வரம்பில் கொஞ்சம் தள்ளி நின்ற மகனும் கிட்ட வந்தான்.

"அங்கை எண்டால், அண்ணை, ஒரு உவர் நிலத்தைத் திருத்தப் பத்து வருசம் எடுப்பினம். இடையிலை ஆரும் விட்டிட்டுப் போகமாட்டினம்."

தம்பிராசா அண்ணை அதை மனதுக்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தார்.

"அப்ப சரி," என்றார். பிறகு மகனிடம், "போய் இறால்காரனுக்குச் சொல்லு."

மாசியில் அந்தத் துண்டில் அறுவடை நடந்தது. பெரிய விளைச்சல் இல்லை. ஆனால் பானையில் போட நெல் இருந்தது. பயணப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை. அதனால் அது இவரிடமே இருந்தது. கண்டாவளை வரம்பில் ஒரு விரிவுரையாளர் கருநீலப் பயணப்பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு போவதை அதற்குப் பிறகு ஊர்ச்சனம் அடிக்கடி கண்டது. உள்ளே மண். சில்லு இரண்டும் சேற்றில் இறுகி ஒரு மாரிக்குள் கழன்றுவிட்டன.

எனக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. அதே பதாகையைக் கட்டினார்கள். இவர் பேசும்போது அங்கை என்று தொடங்குவார் என்று காத்திருந்தேன். "நூலகத்திலை மிச்சப் பாதியும் இனி எனக்குத்தான்" என்றார். அறையிலிருந்த உடைந்த கதிரைகள் இன்னும் அங்கேயே இருப்பதாகக் கேள்வி.

புதிய கந்தோரில் முதல் வாரம், ஒரு புதன்கிழமை, தேநீர் வந்தது. ஒரு வாய் குடித்தேன். சீனி காணாது. நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி லேஞ்சியால் துடைத்துக்கொண்டிருப்பது எனக்கே பிந்தித்தான் தெரிந்தது.

"அங்கை எண்டால்," என்றேன், "சரஸ்வதியக்கா எண்டு ஒருத்தி..."

தேநீர் கொண்டுவந்த பெண் தட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"எங்கை, ஐயா? லண்டனிலையோ?"

நான் யன்னலுக்கு வெளியே காட்டினேன். ஏ-ஒன்பது வீதி வடக்கே போய்க்கொண்டிருந்தது. கிளிநொச்சி பஸ் ஒன்று, கனகராயன்குளம், மாங்குளம் என்று கூவி ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது.